காலை இழந்த ஃபிட்டர் மில்லுக்குத் திரும்புகிறார்: என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

கேள்வி: மில் ஃபோர்மேன், கொண்டலாம்பட்டி

வணக்கம். சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேனாக இருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின்களின் ஃபிட்டர் ஒருவர், வயது முப்பத்து நான்கு. இரவு ஷிப்டுக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தபோது பைபாஸில் லாரி மோதி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது செயற்கைக் கால் பொருத்தி நடைப்பயிற்சியும் முடித்துவிட்டார். கைத்தடி இல்லாமலே நடக்கிறார். அடுத்த மாதம் முதல் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நிர்வாகம் அவரைக் கைவிட நினைக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்வது, மெயின் கேட்டில் லாரி வரத்து எழுதும் வேலை. உட்கார்ந்த இடத்தில் இருக்கலாம், ஆனால் ஃபிட்டர் சம்பளம் கிடைக்காது. அது வேண்டாம் என்றால் கணக்கு முடித்து ஒரு தொகை தருகிறோம் என்கிறார்கள். வீட்டில் அவருடைய அப்பா, தொகையை வாங்கி இளம்பிள்ளையில் ஒரு மளிகைக் கடை போட்டுவிடலாம் என்று நினைக்கிறார். அவரோ என்னிடம் தனியாக, "கேட்டில் உட்காரவைப்பதாக இருந்தால் நான் வரவில்லை அண்ணா, என் ஃப்ரேமைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்றால், ஃப்ரேமின் பல்சக்கரங்கள் இருக்கும் கியர் எண்டு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவர் இல்லாத இந்த மாதங்களில் ஃப்ரேம் நிற்கும் நேரம் கூடியிருக்கிறது. அதனால் எனக்கு அவர் வேண்டும். இரக்கத்துக்காக நான் இதைக் கேட்கவில்லை.

சிக்கல் இதுதான். ஒரு ஃப்ரேமில் நூல் சுற்றும் ஸ்பிண்டில் 1,008, முப்பத்தைந்து மீட்டர் நீளம். நாள் முழுவதும் அங்கும் இங்கும் நடக்க வேண்டும். ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப்பை மாற்றக் குந்தி உட்கார வேண்டும். பஞ்சு பறக்கும், ஈரப்பதம் வைக்க வேண்டிய இடம் என்பதால் எப்போதும் புழுக்கம். இந்தச் சூழலில் செயற்கைக் காலோடு வேலை செய்ய முடியுமா? முடியும் என்றால் நாங்கள் என்ன மாற்ற வேண்டும்? நிர்வாகத்திடம் எதைச் சொல்லிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பதில்: வெள்ளிப் பட்டறை, சிவதாபுரம்

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் நல்ல மனது புரிகிறது. ஆனால் ஓடுகிற மெஷினுக்கு நடுவில் கால் இடறி விழுந்தால் யார் பொறுப்பு? இன்னொரு விபத்து நடந்தால் அந்தக் குடும்பம் தாங்காது. கேட் வேலையில் ஆபத்தில்லை. சம்பளத்தை மட்டும் குறைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: லேத் டர்னர், அயோத்தியாபட்டணம்

தம்பி, எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தொழில் லேத் என்ற கடைசல் மெஷினில். இன்றைக்கும் லேத்தில்தான் நிற்கிறேன். அதனால் முடியுமா என்ற கேள்விக்கு என் பதில்: முடியும். எப்படி என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

எனக்கும் முதலில் நாற்காலிதான் கொடுத்தார்கள். அப்போது இருந்தது வேறு ஒரு கம்பெனி. ஸ்டோரில் உட்காரவைத்து டூல் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள், டீயைக்கூட இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் ஒருவர்கூட ஒரு டிராயிங்கை நீட்டி, "அண்ணா, இதை எப்படிப் பிடிக்கலாம்?" என்று கேட்கவில்லை. கால் போவதற்கு முந்தின நாள் வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த பையன்கள் அவர்கள். கால் போனதைவிட அது என்னை வாட்டியது. அந்த இடத்தை விட்டு, இப்போதைய பட்டறைக்கு வந்து, "லேத் கொடுத்தால் வருகிறேன்" என்று கேட்டு வாங்கினேன். உங்கள் ஃபிட்டர் கேட் வேண்டாம் என்று சொல்வதை வீம்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தனக்கு எது உயிர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செய்ய வேண்டிய முதல் காரியம், மில் ஓடாத ஒரு நாளில் அவரை உள்ளே கூட்டிவருவது. நீங்கள், அவர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர், மூன்று பேரும் ஃப்ரேம் ஃப்ரேமாக நடங்கள். ஃபிட்டர் வேலை என்று ஒற்றைப் பெயர் இருந்தாலும் அதற்குள் எத்தனையோ வேலை இருக்கிறது. கியர் எண்டு பார்ப்பது நின்றுகொண்டு செய்வது. டேப் மாற்றுவது குந்திச் செய்வது. பாட்டம் ரோலர் தூக்குவதற்கு எப்படியும் இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று அவரிடம் கேளுங்கள்: இது அப்படியே முடியுமா, ஏதாவது சாமான் இருந்தால் முடியுமா, இன்னொரு கை வேண்டுமா? பதிலை அவர் வாயால் சொல்லட்டும். ஆபீஸில் உட்கார்ந்து நாமே அவருக்காக முடிவு செய்வதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

என் லேத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிரேக் என்பது கீழே நீளமாக ஓடும் மிதிக்கட்டை. இத்தனை வருடமும் வலது காலால் மிதித்துப் பழகியவன். செயற்கைப் பாதத்துக்குக் கட்டை பட்டதா இல்லையா என்றே தெரியாது. மிதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பேன், வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் சக் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் நிற்கும் முறையை மாற்றினோம். உடம்பின் எடையைச் செயற்கைக் காலில் தாங்கிக்கொண்டு இடது காலால் மிதிக்கப் பழகினேன். கூடவே, எமர்ஜென்சி பட்டனைக் கை எட்டும் உயரத்துக்கு எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்தார். காலுக்கு அடியில் ரப்பர் விரிப்பு, சாய்ந்து நிற்கிற மாதிரி உயரமான ஒரு ஸ்டூல். மொத்தச் செலவு அந்தப் பட்டறையின் ஒரு நாள் டூல் செலவைக்கூடத் தாண்டியிருக்காது. ஆனால் அந்த மிதிக்கட்டையைப் பற்றி எந்த டாக்டரும் மேனேஜரும் யோசித்திருக்க முடியாது. லேத்தில் நிற்பவனுக்குத்தான் அது தெரியும்.

டேப் மாற்ற, சக்கரம் வைத்த தாழ்வான இருக்கை ஒன்றை உங்கள் வெல்டிங் ஷாப்பிலேயே செய்யலாம். மெக்கானிக் ஷெட்டுகளில் காருக்கு அடியில் போக வைத்திருப்பார்களே, அந்த வகை. உட்கார்ந்தபடியே ஸ்பிண்டில் ஸ்பிண்டிலாக நகரலாம். இரண்டு காலும் உள்ள ஃபிட்டர்களே நாளைக்கு அதைக் கேட்பார்கள் பாருங்கள், குந்திக் குந்தி முட்டி போனவர்கள்தானே எல்லோரும்.

அடுத்தது கழிப்பறை. இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அதனால் நானே எழுதுகிறேன். உங்கள் மில்லில் தரையோடு இருக்கும் கழிப்பறைதான் இருக்கும். அதில் அவரால் உட்கார்ந்து எழ முடியாமல் போகலாம். அப்படி இருந்தால் மனிதர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், சாப்பிடாமல் வருவார். அந்தப் புழுக்கத்தில் அது உடம்பைக் கெடுத்துவிடும். அவருடைய டிபார்ட்மென்டுக்குப் பக்கத்தில் உட்காரும் வகைக் கழிப்பறை ஒன்று, சுவரில் பிடித்து எழ ஒரு பைப். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிவதாபுரத்து அண்ணன் சொன்ன பயம் நியாயமானது. ஆனால் மில்லில் ஒருவர் விழுவது பெரும்பாலும் தரையால். எண்ணெய் சிந்திக் கிடக்கும், நூல் சுற்றும் பாபின் உருண்டு கிடக்கும், நிறைந்த பாபின்களை எடுத்துப்போகும் டாஃபிங் வண்டியை நடைபாதையிலேயே விட்டுப் போயிருப்பார்கள். அதில் எல்லோரும்தான் வழுக்குகிறார்கள். அவருக்காகத் தரையைச் சுத்தமாக வைத்தால் ஃப்ரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர் பெண்களுக்கும் அது நல்லதுதான்.

வந்ததும் முழு ஷிப்ட் கொடுக்காதீர்கள். சில வாரம் அரை ஷிப்ட், பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். கூட வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவர் முன்னிலையிலேயே. அவர் கையில் இருக்கும் ஸ்பேனரை "கொடுங்கண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிடுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் கேட்டால் கை கொடுத்தால் போதும்.

பதில்: இயன்முறை மருத்துவர், சூரமங்கலம்

டர்னர் அண்ணன் எழுதியதோடு உடல் சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குந்துவது முடியுமா என்பது அவருக்கு எந்த வகைப் பாதம் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜெய்ப்பூர் கால் நம் நாட்டுப் பழக்கத்தை மனத்தில் வைத்து 1960களின் இறுதியில் உருவானது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தவும் முடியும். கணுக்கால் மடங்காத பாதம் என்றால் குந்துவது கடினம். அதோடு, பாதத்தை ஒரு குறிப்பிட்ட ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்பப் பொருத்தியிருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போது உடம்பு பின்னால் சாயும். உங்கள் மில்லில் எந்த அறைக்காவது காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்ற வழக்கம் இருந்தால் அவருக்கு விலக்குக் கொடுங்கள்.

அறுவைக்குப் பின் முதல் ஒன்றரை வருடம்வரைகூட மீதமுள்ள கால் மெலிந்துகொண்டே வரும். காலையில் சரியாக இருந்த சாக்கெட், அதாவது மீதமுள்ள காலை நுழைக்கும் செயற்கைக் காலின் கிண்ணம், மாலையில் தொளதொளவென்று ஆகும். அப்போது மீதமுள்ள காலில் இன்னொரு துணி உறை மாட்டிக்கொண்டால் சரியாகும். ஆகவே ஷிப்டின் நடுவே காலைக் கழற்றி, துடைத்து, உறை மாற்றி மாட்ட அவருக்குப் பத்து நிமிடமும் ஒரு மறைவான இடமும் வேண்டும். வியர்வையில் ஊறிய உறையோடு நடந்தால் தோல் உரிந்துவிடும். கழற்றிக் கால் மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் அன்று நடையைக் குறைத்துவிட்டு, சாக்கெட்டைச் சரிசெய்யக் காட்ட வேண்டும். அன்றைக்குச் செய்ய உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

இல்லாத பாதத்தில் வலி வருவதாக அவர் சொன்னால் நம்புங்கள். அது மூளையும் நரம்பும் உண்டாக்கும் உண்மையான வலி. இரவில் அதிகமாகி, தூக்கத்தைக் கெடுக்கும்.

வேலூரில் படித்த காலத்தில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாக இருந்தார். அவரால் நிற்க முடியாது என்று சொல்லி ஒரு மேஜை வேலையில் உட்காரவைத்திருந்தால் எத்தனை பேருக்குக் கை திரும்பக் கிடைத்திருக்காது! உங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லலாம்.

பதில்: ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பணியாளர், அஸ்தம்பட்டி

சட்டம் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

முதலில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீடு. இவருக்கு அது இருந்தால், வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்து என்பதைக் கம்பெனி முறையாகத் தெரிவித்ததா என்று பாருங்கள். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு தொடர்புள்ளவை என்று காட்ட முடிந்தால், பணியின்போது நடந்த விபத்தாகவே கொள்ளப்படுகிறது. இரவு ஷிப்டுக்கு வரும் வழியில் நடந்ததற்கு டைம் ஆபீஸ் ஷிப்ட் பட்டியலே சாட்சி. வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் உண்டு. நிரந்தரப் பாதிப்புக்கு, மருத்துவ வாரியம் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்டு, அதற்கேற்ப மாதாமாதம் ஒரு தொகை. செயற்கைக் காலும் அதிலேயே கிடைக்கும். பலர் வேலைக்குத் திரும்பினால் இந்த மாதத் தொகை நின்றுவிடும் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நிற்காது. சம்பளமும் வாங்கலாம், அதையும் வாங்கலாம். இதை அவருடைய அப்பாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மளிகைக் கடை யோசனைக்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கக்கூடும்.

அடுத்தது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். நம் சேலம் இரும்பாலை போன்ற பொதுத்துறை நிறுவனம் என்றால் 20ஆவது பிரிவு நேரடியாகக் காக்கும். பணிக்காலத்தில் உடல் பாதிக்கப்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், பணி இல்லை என்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. கால் துண்டிக்கப்பட்ட ஒரு காவலருக்காக 2003இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது.

உங்கள் மில் தனியார் என்பதால் அந்தப் பிரிவு அப்படியே பொருந்தாது. அதைச் சொல்லி மிரட்டினால் அவர்களுடைய வக்கீல் ஒரே வரியில் மடக்கிவிடுவார். ஆனால் 21ஆவது பிரிவு தனியாருக்கும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடம் என்றால், எந்தெந்தப் பணிகள் பொருந்தும், என்னென்ன வசதிகள் செய்து தரப்படும் என்பதையெல்லாம் அதில் எழுதியாக வேண்டும். உங்கள் ஹெச்.ஆரிடம் அந்தக் கொள்கை எங்கே என்று பணிவாகக் கேளுங்கள். நியாயமான வசதிகளை மறுப்பதையும் பாகுபாடு என்றே இந்தச் சட்டம் வரையறுக்கிறது.

கணக்கு முடிக்கும் தாளில் அவர் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். சுயவிருப்பத்தில் விலகுகிறேன் என்று ஒரு வரி அதில் இருந்தால், பிறகு பேச இடமே இருக்காது. அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால், கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: மில் ஃபோர்மேன், கொண்டலாம்பட்டி

அனைவருக்கும் நன்றி. வார விடுமுறையன்று அவரைக் கூட்டிவந்தேன். ஸ்பின்னிங் மேனேஜரும் வந்தார். டர்னர் அண்ணன் சொன்னபடியே ஒவ்வொரு வேலையாகக் கேட்டுக்கொண்டு நடந்தோம். முடியாது என்று அவர் சொன்னவை மிகக் குறைவு. பாட்டம் ரோலர் தூக்குவதில் தான் முன் பக்கம் பிடிக்க முடியாது, பின்பக்கம் முடியும் என்றார். மேலே ஏணி வைத்து ஏறும் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஓரிடத்தில் நின்று, நாங்கள் மறந்தே போயிருந்த ஒன்றையும் அவரே சொன்னார்: ரோலர் ஷாப்பில் காட்ஸ் பஃபிங் செய்ய ஆள் போதவில்லை, கால் புண்படுகிற நாட்களில் அங்கே உட்கார்ந்து ரப்பர் ரோலர் சாணை பிடித்து டயல் கேஜில் பார்த்துத் தருகிறேன் என்றார். மேனேஜர் அங்கேயே தலையசைத்துவிட்டார்.

சக்கர இருக்கை செய்து பார்த்தோம். கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் சக்கரத்தின் அச்சில் பஞ்சு சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. அவரே சக்கரத்துக்குத் தகட்டு மூடி வெட்டிக் கொடுத்தார், இப்போது ஓடுகிறது. டிபார்ட்மென்டுக்குப் பின்னால் கழிப்பறை வேலை தொடங்கிவிட்டது.

சம்பளம் குறைக்காமல் மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். முதல் சில வாரம் அரை ஷிப்ட். அவருடைய அப்பாவிடமும் போய்ப் பேசினேன். ஈ.எஸ்.ஐ. தொகை நிற்காது என்று கேட்டதும், கடை பேச்சு தானாகவே அடங்கிவிட்டது. ஹெச்.ஆர் மட்டும் இரவு ஷிப்ட் கொடுக்கவே கூடாது என்று நிற்கிறார். இரவு ஷிப்ட் இல்லை என்றால் அதற்கான படி போய்விடும், அது அவருக்குப் பெரிய தொகை. இதற்கு என்ன செய்வது?

பதில்: லேத் டர்னர், அயோத்தியாபட்டணம்

தகட்டு மூடியை அவரே வெட்டினார் என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது, தம்பி.

இரவு ஷிப்டை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். "கூடாது" என்ற வார்த்தை மட்டும் காகிதத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அவரையும் கேட்டு, டாக்டரையும் கேட்டு முடிவு செய்வது என்று எழுதச் சொல்லுங்கள். அதுவரை படி நஷ்டத்தைப் பாதியாவது ஈடுகட்ட, பஃபிங் வேலைக்குக் கூடுதலாக ஏதாவது உண்டா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள், ஆள் பற்றாக்குறை என்று அவர்களே சொல்கிறார்கள் அல்லவா. இரவில் வர வேண்டியதானால் எப்படி வருவார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். மில் வேனின் முதல் படி உயரமாக இருந்தால் நடுவில் ஒரு படி வெல்டிங் செய்துவிடலாம்.

சூரமங்கலத்து டாக்டரம்மா சொன்ன மறைவிடத்துக்கு முதலுதவி அறையை ஒட்டி ஒரு பெஞ்சும் திரையும் போதும். சுவரில் இரண்டு கொக்கி அடித்து வையுங்கள், ஈர உறையைக் காயப்போட இடம் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.